ஜாக்கெட்டுக்குள்ள மடிச்சு வெச்ச துணியும் எடை குறைக்கற பவுடரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. நான் சேலம் அம்மாபேட்டைல 26 வருசமா லேடீஸ் டைலர் கடை வெச்சிருக்கேன். லெட்டர் எழுதி பழக்கமில்ல, அக்கா பொண்ணுதான் போன்ல டைப் அடிக்க சொல்லிக்குடுத்தா. எழுத்துப்பிழை இருந்தா திருத்திக்குங்க, அளவு எதையும் மட்டும் மாத்திடாதீங்க.

விசயம் என்னன்னா, போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரைப் பிரிச்சேன், நடுவுல இருந்து மஞ்ச நோட்டீஸ் ஒண்ணு நழுவி தையல் மெஷின் மேல விழுந்துச்சு. 7 நாளில் 5 கிலோ குறையும், டயட் வேண்டாம், எக்சர்சைஸ் வேண்டாம், பக்கவிளைவே இல்லைன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. கூடவே ஒரு அம்மா பெரிய பேண்ட்டு ஒண்ணைப் போட்டுக்கிட்டு, இடுப்புப் பக்கம் ஒரு முழம் இழுத்துக் காட்டி சிரிக்கற மாதிரி போட்டோ. நான் தொழில்காரிங்க, எனக்கு துணியப் பாத்தா தெரியும், அந்த பேண்ட்டு அந்தம்மா ஒரு நாள் கூட போட்டு உக்காந்ததில்ல, முட்டிகிட்ட தொய்வு இல்ல, தொடைகிட்ட தேய்மானம் இல்ல, மடிப்பு கூட கடைல மடிச்சு வெச்ச மடிப்பு. இதை நாங்க அச்சடிக்கல, ஏஜெண்ட்டுதான் சொருகி விடறார்னு நீங்க சொல்லலாம், சரிதான். ஆனா எங்க தெருவுல நாலு பேரு வந்து "அக்கா பேப்பர்லயே வந்திருக்கு பாத்தீங்களா"ன்னுதான் கேட்டாங்க, ஏஜெண்ட்டு குடுத்தாருன்னு யாரும் சொல்லல.

எங்கிட்ட அளவு நோட்டு 19 இருக்கு. ஒவ்வொரு கஸ்டமருக்கும் தேதி போட்டு மார்பு, இடுப்பு, கை சுத்து, ஷோல்டர் எல்லாம் எழுதி வெச்சிருப்பேன், சில பேரு கல்யாணத்துக்கு முன்னாடி இருந்து இப்ப மகளுக்கு கல்யாணம் பண்ற வரைக்கும் எங்கிட்டதான் தைக்கறாங்க, அதனால யாரு எப்ப இளைச்சாங்க, எப்ப பெருத்தாங்கன்னு அவங்களுக்கே மறந்து போனது கூட என் நோட்டுல கிடக்கும். ஒருத்தரோட அளவ இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்ல, அது தொழில் தர்மம், அதனால இங்க யார் பேரும் எழுதல. பவுடர் குடிச்சு இளைச்சவங்க எங்கிட்ட ரெண்டு தடவ வருவாங்க. மொதல் தடவ ஜாக்கெட்டை பிடிக்க சொல்லி வருவாங்க, மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்கும், "அக்கா ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் புடிச்சிடுங்க"ன்னு. ரெண்டாவது தடவ ஆறு மாசம் எட்டு மாசம் கழிச்சு அதே ஜாக்கெட்டை பிரிச்சு விட சொல்லி வருவாங்க, அப்ப கடைல வேற ஆள் இருந்தா வெளிய நின்னுட்டு, அவங்க போனப்புறம்தான் உள்ள வருவாங்க.

நானும் அந்த வரிசைல நின்னவதான், அதை மறைக்க விரும்பல. 2021ல என் எடை 74 கிலோ, உயரம் அஞ்சடி ஒண்ணு, உக்காந்தே பாக்கற வேலை, முட்டி வலி வேற. எங்க ஏரியாவுல ஒரு வீட்டு மாடில காலைல 6 மணிக்கு ஷேக் குடிக்கற எடம் நடந்துச்சு, பேரு வேண்டாம். மொத மாசத்துக்கு ரெண்டு டப்பா, ஒரு டீ டப்பா, ஒரு மாத்திரை டப்பா, மொத்தம் 6,400 ரூபா, தீபாவளி சீசன் தையல் காசுல இருந்து எடுத்துக் குடுத்தேன். மொத வாரம் 2 கிலோ குறைஞ்சிடுச்சு, சந்தோசம்னா சந்தோசம், வீட்டுக்காரர்கிட்ட சொல்லி சொல்லி அவரே சலிச்சுப் போனார். மூணு மாசத்துல 6 கிலோ. அப்புறம் காசு கட்டி வரல, நிறுத்தினேன், அடுத்த ஆடிக்குள்ள 75 ஆயிட்டேன், அதாவது ஆரம்பிச்சதை விட ஒரு கிலோ கூட.

அப்புறமா உக்காந்து யோசிச்சுப் பாத்தேங்க. டப்பாவோட ஒரு அட்டை குடுத்திருந்தாங்க, ராத்திரி சோறு கிடையாது, பவுடர் மட்டும், சக்கரை கிடையாது, எண்ணெய்ல பொரிச்சது கிடையாது, தினம் 45 நிமிசம் நடக்கணும், ராத்திரி 10 மணிக்கு படுக்கணும். இதை பண்ணா பவுடர் குடிச்சாலும் குறையும், மோர் குடிச்சாலும் குறையும். அந்த அட்டைதான் வேலை செஞ்சிருக்கு, நான் காசு குடுத்தது டப்பாவுக்கு! டப்பா போனதும் அட்டையையும் தூக்கிப் போட்டுட்டேன், அதுதான் நான் பண்ண முட்டாத்தனம்.

அக்கா பொண்ணு பி.பார்ம் படிச்சவ, அவதான் எனக்கு கணக்கு சொல்லிக்குடுத்தா. உடம்புல ஒரு கிலோ கொழுப்புன்னா சுமாரா 7,700 கலோரி. 5 கிலோன்னா 38,500. என்னை மாதிரி ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 1,800 கலோரி வேணும்னு வெச்சுக்கிட்டாலும் 7 நாளைக்கு 12,600 தான் வருது. அப்படின்னா ஏழு நாளும் பச்சத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு பட்டினி கிடந்தா கூட கொழுப்பு கரையறது ஒண்ணரை கிலோவ சுத்திதான் வரும், நோட்டீஸ்காரர் டயட்டே வேண்டாம்னு சொல்லிட்டு 5 கிலோ குறைக்கறார்! மொத வாரத்துல எடை மெசின்ல வேகமா எறங்கறது பெரும்பாலும் தண்ணி. உடம்புல சேத்து வெச்ச மாவுச்சத்து தண்ணியோட ஒட்டி இருக்கும், சாப்பாட்ட குறைச்சதும் மொதல்ல அது போகும், திரும்ப சோறு போட்டா திரும்ப வந்துடும். இதை அந்த மாடி வீட்டுல எனக்கு யாரும் சொல்லல.

அந்த டீ டப்பா கதை தனி. குடிச்சா காலைல ரெண்டு மூணு தடவ வயித்தால போகும், "கழிவு வெளியேறுது"ன்னாங்க. அக்கா பொண்ணு டப்பாவத் திருப்பி பொடி எழுத்தைப் படிச்சிட்டு சிரிச்சா, பாத்தா நம்ம நிலாவாரை. திருநெல்வேலி பக்கம் வெளையறதுதான், அந்த ஊர் பேர்லயே உலகம் பூரா மலச்சிக்கலுக்கு போற சரக்கு. அது வேலை செய்யறது பெருங்குடல்ல, சாப்பிட்டதுல இருக்கற சத்தும் கலோரியும் அதுக்கு முன்னாடியே சிறுகுடல்ல உறிஞ்சி ஆயிடுது, அப்புறம் வெளிய போறது தண்ணியும் சக்கையும்தான். மாசக்கணக்கா குடிச்சா உப்புச்சத்து குறைஞ்சு மயக்கம் வரும்னா. எனக்கும் வந்துச்சு, ஒரு நாள் கட்டிங் டேபிள் மேல கத்திரியோட சாஞ்சுட்டேன், நல்லவேளை கை தப்பிச்சது.

மாத்திரை டப்பால குடம்புளி சாறு. மலையாளிங்க மீன் கொழம்புல போடறாங்களே அதேதான். 1998லயே அமெரிக்க மருத்துவ சங்கத்தோட பத்திரிகைல இதை சோதிச்சு எழுதியிருக்காங்க, 135 பேரு, 12 வாரம், பாதிப்பேருக்கு குடம்புளிச் சாறு மாத்திரை, பாதிப்பேருக்கு ஒண்ணுமில்லாத வெறும் மாத்திரை, எல்லாருக்கும் ஒரே மாதிரி சாப்பாட்டுக் கட்டுப்பாடு. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்க சராசரியா 4.1 கிலோ குறைஞ்சாங்க, குடம்புளிக்காரங்க 3.2 கிலோ. அட, வெறும் மாத்திரையே தேவலாம் போல! 27 வருசத்துக்கு மேல ஆச்சு அது வந்து, இன்னும் எங்க சேலம் அஞ்சு ரோட்டுல டப்பா டப்பாவா விக்குது. இதுல சில பேருக்கு கல்லீரல் கெட்டுப்போன கேஸும் டாக்டருங்க பதிவு பண்ணியிருக்காங்க, கிரீன் டீ சாறை கெட்டியாக்கி மாத்திரையா விக்கறாங்களே அதுலயும் அப்படித்தான். டம்ளர்ல குடிக்கற டீய சொல்லல, மாத்திரையச் சொல்றேன்.

இன்னொண்ணு நம்ம ஊரு சம்பந்தப்பட்டது. ஏற்காட்டுக்கு டூர் போயிட்டு வர்றவங்க இப்ப பச்சைக் காபிக்கொட்டை பொடி வாங்கிட்டு வர்றாங்க, வறுக்காத கொட்டை, எடை குறையுமாம். 2012ல பச்சைக் காபிக்கொட்டை சாறு சாப்பிட்டா எடை சரசரன்னு குறையும்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அமெரிக்கா டிவில டாக்டர் ஒருத்தர் பேசப்போக உலகம் பூரா பரவுச்சு. அந்த ஆராய்ச்சி நடந்தது நம்ம பக்கத்து பெங்களூருல, மொத்தமே 16 பேரு வெச்சு. அப்புறம் அமெரிக்க அரசு அமைப்பு விசாரிச்சப்ப, எடை அளவுகளையே மாத்தி மாத்தி எழுதியிருக்காங்கன்னு குற்றம் சாட்டுச்சு, 2014ல ஆராய்ச்சிக் கட்டுரைய வாபஸ் வாங்கிட்டாங்க, அதை வெச்சு வியாபாரம் பண்ண கம்பெனி 35 லட்சம் டாலர் கட்டுச்சு. நான் அளவு நோட்டுல ஒரு இஞ்ச் மாத்தி எழுதினா மறுநாளே ஜாக்கெட்டு மூஞ்சில வந்து விழும், அங்க ரெண்டு வருசம் ஆயிருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து சேர்வராயன் மலைல காபி வெளையுது, தோட்டத்துல கொட்டை பறிக்கற பொம்பளைங்களைப் பாத்திருக்கீங்களா, ஒல்லியாத்தான் இருப்பாங்க. அது கொட்டையால இல்லீங்க, முதுகுல மூட்டையோட சரிவுல ஏறி எறங்கறதால, அப்புறம் வயிறார சாப்பிட கூலி பத்தாததால.

கொள்ளுப் பொடியும் இப்ப பேக்கெட்டுல கொழுப்பு கரைக்கும்னு வருது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு நம்ம பெரியவங்க சொன்னதுதான், கொள்ளு ரசம் எங்க வீட்டுல வாரம் ரெண்டு நாள் உண்டு, நல்ல பருப்பு, புரோட்டீன் இருக்கு, பசி தாங்கும். ஆனா நாலு தோசைக்கு பதிலா கொள்ளு தின்னாத்தான் கணக்கு, நாலு தோசையும் தின்னுட்டு மேல ரெண்டு ஸ்பூன் கொள்ளுப்பொடி போட்டா அதுவும் சேந்துதான் போகும்.

பயப்பட வேண்டியது பேரே இல்லாத கேப்சூலுக்குத்தான். சிபுட்ரமின்னு ஒரு மருந்து, பசியக் குறைக்கும், ஆனா மாரடைப்பு பக்கவாதம் ஆபத்து இருக்குன்னு 2010ல வெளிநாட்டுல எடுத்துட்டாங்க, 2011ல இந்தியாவுலயும் தடை பண்ணிட்டாங்க. அதுக்கப்புறமும் மூலிகைன்னு லேபிள் ஒட்டி வர்ற கேப்சூல்ல இதை ரகசியமா கலந்திருக்கறத வெளிநாட்டு மருந்து கட்டுப்பாட்டுக்காரங்க திரும்பத் திரும்ப பிடிச்சிருக்காங்க. என் கஸ்டமர் பொண்ணு ஒருத்தி, 28 வயசு, கல்யாணத்துக்கு இளைக்கணும்னு யார்கிட்டயோ ஆன்லைன்ல வாங்கி சாப்பிட்டா, அளவு எடுக்க வந்தப்ப அவ கழுத்துகிட்ட டேப்பு வெச்ச என் விரல்ல படபடன்னு அடிக்குது, கையும் நடுங்குது, ராத்திரி தூக்கமே இல்லைங்கறா. அந்த கேப்சூல்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கெப்படித் தெரியும், லேபிளே இல்ல. நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போ கண்ணு, ஜாக்கெட்டை நான் பெருசாவே அழகா தைச்சுத் தர்றேன்னு சொல்லி அனுப்பினேன். நிறுத்திட்டா. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு.

இப்ப எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்திருக்கே, 2025ல இந்தியாவுல வந்தது, அதைப் பத்தியும் கேக்கறாங்க. அது மருந்து, முறையா சோதிச்சது, வேலை செய்யுதுங்கறாங்க, ஆனா டாக்டர் பாத்து எழுதி பக்கத்துல இருந்து கவனிக்கணும், நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்புதுங்கறாங்க. அதை இந்த டப்பா வகையறாவோட சேக்கக் கூடாது, நோட்டீஸ் பாத்து வாங்கவும் கூடாது.

சட்டமும் இருக்குங்க, அதான் எனக்கு ஆத்திரம். 1954ல போட்ட மருந்து மந்திர விளம்பரச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, இன்னின்ன நோயைக் குணப்படுத்துவேன்னு மருந்து விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு ஒரு பட்டியல், அதுல உடல் பருமனும் இருக்கு. அப்ப இவங்க என்ன பண்றாங்கன்னா, இது மருந்தே இல்ல, சாப்பாடுன்னு சொல்லிக்கறாங்க. 2016 உணவு விதிப்படி இந்த மாதிரி டப்பால மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு போட்டே ஆகணும். என் பழைய டப்பாவுலயும் இருந்துச்சு, எறும்பு சைசுல, இங்கிலீசுல, பின்னாடி பக்கம் மடிப்புக்குள்ள. 14 இலக்கத்துல லைசன்ஸ் நம்பர் இருக்கு பாருங்கன்னு காட்டுவாங்க, அது உணவுப்பொருள் விக்கறதுக்கு அனுமதி, முறுக்கு பாக்கெட்டுலயும்தான் அந்த நம்பர் இருக்கு.

சரி நீ என்ன பண்ணி இளைச்சேன்னு கேப்பீங்க. பெருசா ஒண்ணும் இல்ல, அதனாலதான் யாரும் நோட்டீஸ் அடிக்கறதில்ல. மொதல்ல எண்ணெய். எங்க வீட்டுல நாலு பேருக்கு மாசம் அஞ்சரை லிட்டர் ஆயிட்டிருந்துச்சு, மூணரைக்கு கொண்டு வந்தேன், பாட்டில்ல இருந்து ஊத்தறத விட்டுட்டு ஸ்பூன்ல அளந்து ஊத்தறேன், அவ்வளவுதான். ஒரு லிட்டர் எண்ணெய் சுமாரா 8,200 கலோரி, ரெண்டு லிட்டரை நாலு பேருக்கு பிரிச்சா ஆளுக்கு 4,100, மாசம் அரைக் கிலோ கொழுப்பு கணக்கு. பேப்பர்ல போடற கணக்கு மாதிரியே உடம்புல நடக்காது, பசி கூடும், வேற எதையாவது தின்போம், ஆனாலும் திசை சரிதான். நாலு டீக்கு ரெண்டு ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டது இப்ப ரெண்டு டீ, அரை ஸ்பூன். ராத்திரி மூணு தோசை ரெண்டாச்சு, கூட ஒரு முட்டை, பக்கத்து நாமக்கல் முட்டைதான், ஒண்ணுல 6 கிராம் புரோட்டீன், ஏழு ரூபாகிட்ட விலை. அந்த டப்பால ஒரு வேளைக்கு 9 கிராம் புரோட்டீனுக்கு நான் குடுத்தது 90 ரூபா. தட்டுவடை செட்டை மட்டும் என்னால விட முடியல, சேலத்துக்காரிய அதை விடச் சொன்னா ஊரை விட்டுப் போகச் சொன்ன மாதிரி, ஆனா தினம் ரெண்டு செட்டா இருந்தது இப்ப சனிக்கிழமை மட்டும் ஒரு செட்டு. பீட்ரூட்டும் கேரட்டும் உள்ள இருக்குன்னு சொல்லி எங்க வீட்டுக்காரர் அதை சாலட்டு கணக்குல சேக்கறார், அது வேற பஞ்சாயத்து.

நடக்கறத பத்தி ஒரு உண்மை சொல்லணும், நடந்து மட்டும் எடை பெருசா குறையாது. முக்கா மணி நேரம் நடந்தா 150, 180 கலோரி, வர்ற வழியில ரெண்டு வடை தின்னா சரியாப் போச்சு. ஆனா நடந்ததுல என் முட்டி வலி பாதி போச்சு, தூக்கம் வந்துச்சு, சாயங்காலம் வர்ற வெறிப்பசி அடங்குச்சு. சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சக்கரை வியாதி வர்ற எல்லைல இருந்த 531 பேரை மூணு வருசம் பாத்து 2006ல வெளியிட்டாங்க, சாப்பாடும் நடையும் மாத்தினவங்களுக்கு சக்கரை வர்றது 28.5 சதவீதம் குறைஞ்சுது, எடையோ பெருசா குறையவே இல்ல. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், மெசின்ல நம்பர் எறங்கலைன்னா ஒண்ணுமே நடக்கலைன்னு அர்த்தமில்ல.

நடக்க எடம் எங்கன்னு கேட்டா அது நியாயம். மூக்கனேரி பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு சரி, காந்தி ஸ்டேடியம் பக்கத்துல இருக்கறவங்களுக்கு சரி. எங்க தெருவுல காலைல 5 மணிக்கு நாய் தொரத்துது, 7 மணிக்கு பைக்கு தொரத்துது. தறி ஓட்டற பொம்பளைங்க நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கறதா நடக்கறதா, தூக்கம் கெட்டா பசி தாறுமாறா ஆகும், அவங்க பெருத்துப் போனா சோம்பேறித்தனம்னு சொல்றவங்களை எனக்குப் பிடிக்காது. தைராய்டு, பிசிஓடி இருக்கற பிள்ளைங்களுக்கும் நான் அறிவுரை சொல்றதில்ல, டாக்டர் சொல்லட்டும். நான் வாரத்துல மூணு நாள் குமரகிரி படி ஏறறேன், சாமி பேரைச் சொல்லி போறதால வீட்டுல யாரும் வேலை சொல்றதில்ல, அது ஒரு வசதி.

மூணு வருசத்துல 75ல இருந்து 68 ஆயிருக்கேன். ஆறு மாசம் ஒரே எடைல நின்னிருக்கேன், மாம்பழ சீசன்ல ஒரு கிலோ ஏறியும் இருக்கேன். இடுப்பு 38ல இருந்து 35. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணுமாம், அது முப்பத்தொண்ணரை இஞ்ச், ஆம்பளைக்கு 90, அதாவது முப்பத்தஞ்சரை இஞ்ச்சுக்கு கொஞ்சம் குறைவு. நான் இன்னும் எல்லைக்கு வெளியதான் நிக்கறேன். 2023ல வந்த ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கணக்குல நாட்டுல 100ல 39 பேருக்கு மேல இந்த வயிறு பெருக்கற சமாச்சாரம் இருக்குன்னாங்க, என் கடை நோட்டைப் பாத்தா 39 எனக்கு கம்மியாத்தான் தெரியுது. அளந்து பாக்கறவங்க கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்பு வெச்சு அளங்க, வயித்த எக்காதீங்க, எங்கிட்ட வர்ற முக்காவாசிப்பேரு எக்குவாங்க, அப்புறம் சுடிதார் டைட்டுன்னு என்னைத் திட்டுவாங்க.

போன வாரம் ஒரு கஸ்டமர் வந்தாங்க, புதுசா வேற பவுடர், 4 கிலோ குறைஞ்சிருக்காங்க, பட்டு ஜாக்கெட்டு ஆறையும் பிடிச்சு மிச்சத் துணிய வெட்டிடுங்க, இனிமே தேவைப்படாதுன்னாங்க. சரிங்கன்னேன். பிடிச்சேன், வெட்டல, உள்ள மடிச்சு எம்மிங் போட்டு வெச்சிருக்கேன். அவங்களுக்குத் தெரியாது, இந்த லெட்டரைப் படிச்சா தெரிஞ்சுக்குவாங்க, கோவிச்சுக்காதீங்க அக்கா.

உங்ககிட்ட கேக்கறது ரெண்டுதான். ஏஜெண்ட்டுங்களுக்கு சொல்லி இந்த எடை குறைக்கற நோட்டீஸை பேப்பருக்குள்ள வெக்க வேண்டாம்னு நிறுத்துங்க. உள் பக்கத்துல அந்த மாதிரி விளம்பரம் வந்தா, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லங்கற வரிய தமிழ்ல, விலை போட்டிருக்கற அதே சைஸ் எழுத்துல போடச் சொல்லுங்க, போட மாட்டேன்னா விளம்பரத்த வாங்காதீங்க. அந்த மஞ்ச நோட்டீஸை லெட்டரோட கவர்ல வெச்சிருக்கேன், பின்னாடி பக்கம் பேனால 38,500, 12,600ன்னு கணக்கு போட்டிருக்கும், அது நான் போட்டது. மூலைல 36, 34, 14ன்னு இருக்கறது ஒரு கஸ்டமர் அளவு, அவசரத்துல எழுதிட்டேன், அதை மட்டும் அச்சுல போட்டுறாதீங்க.

இப்படிக்கு,
அம்மாபேட்டை டைலர்,
சேலம்.